டெப்போவுக்குத் திரும்பும் கறுப்பு

எம்.டி. அறைக்குள் நுழையும்போது கறுப்பாக இருந்த தட்சிணாமூர்த்தி, மேஜை அருகே வந்து நிற்பதற்குள் சிவப்பாகிவிட்டார்.

கல்யாண விளம்பரங்களில் 'நல்ல சிவப்பு' என்று போடுவார்களே, அந்தச் சிவப்பு. நெற்றியில் தொடங்கிக் கன்னம், கழுத்து, அரைக்கைச் சட்டைக்கு வெளியே தெரிந்த முழங்கை என்று, யாரோ உள்ளேயிருந்து விளக்குப் போட்ட மாதிரி பரவியது.

"பாத்தியா மேகலா!" எம்.டி. குபேந்திரன் மேஜையை ஓங்கித் தட்டினார்.

தட்சிணாமூர்த்தி இன்னும் ஒரு சுற்று வெளுத்தார்.

அக்கவுண்ட்ஸ் முடிந்து பர்ச்சேஸ். பர்ச்சேஸ் முடிந்து டிரைவர்கள். ஊசி போட்டுக்கொண்ட ஊழியர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள், முதலாளி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், வெளுத்தார்கள், போனார்கள். மூலையில் இருந்த கருவி எல்லோருடைய நிறத்தையும் அளந்து வைத்துக்கொண்டது. ஒருவர்கூடத் தவறவில்லை.

சிறுசேரியில் தூரத்துக் கடல் தெரிகிற மாடியில் இருந்த அந்த நிறுவனத்தின் பெயர் எழில்வர்ணா பயோடெக். ஊசியின் பெயர் 'பளிச்'. கண்டுபிடித்தவள் டாக்டர் மேகலா. வெண்புள்ளி வந்தவர்களின் தோலில் நிறத்தை நகர்த்திக் கொண்டுபோய் நிரப்ப முடியுமா என்றுதான் அவள் ஆராய்ச்சியைத் தொடங்கினாள். 'நகர்த்தலாம்' என்ற சொல் குபேந்திரன் காதில் விழுந்த நாளிலிருந்து வெண்புள்ளிக்காரர்கள் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார்கள்.

அன்று மதியம் கான்டீனில் கணக்கு உதைத்தது.

"டாக்டரம்மா, ஒரு கூத்தப் பாருங்க." ஆசீர் கிசுகிசுத்தான். சோதனைகளின் புள்ளிவிவரம் பார்க்கிறவன், தூத்துக்குடிக்காரன். கண்ணாலேயே மூலை மேஜையைக் காட்டினான்.

அங்கே தட்சிணாமூர்த்தி சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே யாரோ சொன்ன ஜோக்குக்குக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கறுப்பாக. ஊசி போடுவதற்கு முன்னால் இருந்ததைவிட ஒரு சுற்றுக் கூடுதல் கறுப்பாக.

மேகலா எழுந்து அவரிடம் போனாள். "சார், காலையில மாத்திரை போட்டீங்களா?"

ஊசி போட்ட பிறகு, வெளுப்பு வேண்டுமென்கிற போது ஒரு மாத்திரை போட வேண்டும். ஏற்பாடு அதுதான்.

தட்சிணாமூர்த்தி நெளிந்தார். சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் காட்டினார். "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். வெறும் வயித்துல போட்டா எரியுது. எம்.டி. கிட்ட சொல்லிடாதீங்க."

எம்.டி. என்ற சொல்லுக்கே அவர் மூக்கு நுனி வெளுத்தது.

மேகலா திரும்பி வந்து உட்கார்ந்தாள். தட்டை ஓரமாகத் தள்ளினாள். "ஆசீர், நாம எல்லாரையும் எங்க வெச்சு அளந்தோம்?"

"எம்.டி. ரூம்லதான். தன் கண்ணால பாக்கணும்னு அவரு ஒத்தக் கால்ல நின்னாருல்லா."

"வேற எங்கயாவது அளந்தோமா?"

"இல்ல." ஆசீரின் கையில் இருந்த அப்பளம் பாதி வழியில் நின்றது. "யம்மா! அந்த ரூமுக்குள்ள போனா நம்ம வாட்ச்மேன் வளக்க நாயே வெளுத்துருமே!"

---

குபேந்திரன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"தோல்ல நிறத்துக்குன்னு தனி செல் இருக்கு சார். அதுக்குள்ள கறுப்புப் பொட்டலங்கள். செல்லோட நடுவுலேர்ந்து ஓரம் வரைக்கும் நூல் நூலாப் பாதை போகுது. அந்தப் பாதையில பொட்டலத்தைத் தூக்கிட்டு ஓட ரெண்டு விதமான வண்டி. ஒண்ணு ஓரத்துக்குப் போகும், இன்னொண்ணு நடுவுக்குத் திரும்பும்."

"டவுன் பஸ் மாதிரி."

"அதேதான். எல்லா பஸ்ஸும் ரூட்ல ஓடினா ஊர் முழுக்க பஸ்ஸாத் தெரியும். தோல் கறுப்பு. எல்லாம் டெப்போவுக்குத் திரும்பி அடைஞ்சிட்டா ரோடு காலி. தோல் வெளுப்பு. நம்ம தொட்டியில இருக்கே ஜிலேபி மீன், அது தினம் இப்படித்தான் நிறம் மாத்திக்குது. மனுஷ செல்லுக்கு அந்தத் திரும்புற பழக்கம் இல்ல. பொட்டலத்தைப் பக்கத்து செல் கையில கொடுத்துட்டு மறந்துடும். பளிச் ஊசி அந்த நிறச் செல்லை மீன் செல் மாதிரி மாத்துது. பழைய பொட்டலமெல்லாம் தோலோட உதிர்ந்துடும். புதுசை யாருக்கும் கொடுக்காது, தானே வெச்சுக்கிட்டு ஓட்டும்."

"இதெல்லாம் நீ ஏற்கெனவே சொன்னதுதானே? எங்க இடிக்குது?"

"டெப்போவுக்கு வரச்சொல்லி விசில் ஊதறது யாருங்கிறதுல சார். நம்ம மாத்திரைதான் விசில்னு நெனச்சோம். அந்த மாத்திரை ஒண்ணும் கிழிக்கல. மீனுக்குப் பயம் வந்தா நரம்பு ஒரு ரசாயனத்தைச் சிந்தும். அந்த விசில் மனுஷங்களுக்கும் கேக்குது. பயந்தா, பதறினா, உடனே எல்லாப் பொட்டலமும் உள்ள ஓடி வந்துடுது."

"அப்ப பயந்தா சிவப்பு."

"ஆமா சார்."

"சந்தோஷமா, நிம்மதியா இருந்தா?"

"முன்னைவிடக் கறுப்பு."

ஆசீர் மெல்ல நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டான். குபேந்திரன் கத்துவார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் கடலைப் பார்த்தார். திரும்பியபோது முகத்தில் ஒரு விளம்பரச் சிரிப்பு இருந்தது.

"நம்ம ஊர்ல கல்யாணப் பொண்ணு எப்பம்மா பயப்படாம இருந்திருக்கா?"

"சார்!"

"பொண்ணு பாக்க வரும்போது பயம். நிச்சயத்துல பயம். மேடையில பயம். போட்டோ எடுக்கறதெல்லாம் அப்பதான். அதுக்கப்புறம் எந்தக் கலர்ல இருந்தா யாருக்கு என்ன? இது குறையே இல்ல மேகலா. இதுதான் சரக்கு." குரலைத் தாழ்த்தினார். "அதோட, ஸ்வர்ணாவுக்குப் பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே போட்டாச்சு."

ஸ்வர்ணா அவருடைய ஒரே மகள். கரூர்க்காரப் பையன் பரணியோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பையன் கால்நடை டாக்டர். வெள்ளிக்கிழமை மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். அந்த வரவேற்பு மேடையில், மேக்கப் துளியும் இல்லாமல் ஜொலிக்கும் மணமகளைக் காட்டித்தான் பளிச் அறிமுக விழா. மும்பையிலிருந்து முதலீட்டாளர்கள், டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு, எல்லாம் ஏற்பாடாகிவிட்டது.

"அவகிட்ட கேட்டீங்களா சார்?"

"வைட்டமின்னு சொன்னேன். பொண்ணு பாக்க வந்தப்ப அவ நின்ன நிறத்தைப் பாத்து சம்பந்தியம்மா கரூர் முழுக்கச் சொல்லிட்டு வர்றாங்க, ரோஜாப்பூ மாதிரி மருமகன்னு. கறாரான பொம்பளை. மேடையில கறுத்தான்னா மறுநாள் முகூர்த்தம் கிடையாது. அதனால உனக்கு ஒரே வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூரா என் பொண்ணு பயந்துக்கிட்டே இருக்கணும்."

"அவ உங்க பொண்ணு சார்."

"அதனாலதானே கவலைப்படறேன்!"

---

கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த மண்டபம், வாடகைக்கு எடுத்த அரண்மனை போல நின்றது. மணமகள் அறையில் ஸ்வர்ணா நல்ல சிவப்பாக உட்கார்ந்திருந்தாள். காதுக்குப் பக்கத்தில் சூடான இரும்பை வைத்து ஒரு பெண் அவள் முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு மேகலா எல்லாவற்றையும் சொன்னாள். பஸ், டெப்போ, விசில்.

ஸ்வர்ணா கொஞ்ச நேரம் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப பொண்ணு பாக்க வந்தப்ப நான் வெளுத்தது..."

"பயத்துல."

"காபி தட்டை நீட்டினேன்க்கா. அவங்கம்மா என்னை மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க..." நினைத்ததுமே கழுத்து வெளுத்தது. அந்த நேரம் மேஜை மேல் இருந்த போன் அதிர்ந்தது. பரணி. எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஸ்வர்ணா, உங்கப்பா எனக்கு ஷெர்வானி மாட்டி விட்டிருக்கார். கண்ணாடியில பாத்தா சோபாவுக்கு உறை போட்ட மாதிரி இருக்கேன். ஓடிப் போயிடலாமா? ரெண்டு பேரும்தான்."

ஸ்வர்ணா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள், விரல் நுனியிலிருந்து தோள் வரை, பால் பாத்திரத்தில் டிகாஷன் ஊற்றிய மாதிரி நிறம் இறங்கியது. பளபளவென்று அழகான கறுப்பு.

போனை வைத்துவிட்டு இருவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"அவன் பக்கத்துல நின்னா நான் அவ்வளவுதான், இல்லக்கா?"

"அவ்வளவுதான். நான் வெளிய போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"வேணாம்." பட்டென்று வந்தது பதில். "அவங்கம்மா பேச்சை மீறி அவன் வருவான். ஆனா அழுதுக்கிட்டே வருவான். எனக்குச் சிரிச்சுக்கிட்டு இருக்கற பரணிதான் வேணும். ஒரு சாயங்காலம்தானே? பயந்துட்டுப் போறேன்."

"நாளைக்கு முகூர்த்தம்? மறுவீடு? அதுக்கப்புறம் தினம் தினம்?"

பதிலை ஸ்வர்ணாவின் கைதான் சொன்னது. மெல்ல மெல்ல வெளுத்தது.

---

குபேந்திரன் எதையும் அதிர்ஷ்டத்துக்கு விடுகிற ஆள் இல்லை. மேகலாவை நம்பாமல் தானும் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசையில், நடு சோபாவில் பிலோமினா மிஸ்.

ஸ்வர்ணாவுக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அந்தப் பார்வையில் பள்ளிக்கூடக் கடிகாரமே ஒரு நொடி நின்று போகும் என்பார்கள். ரிடையர் ஆகி நாகர்கோவிலில் இருந்தவரை விமானத்தில் வரவழைத்திருந்தார்.

மேடை ஏறிய ஸ்வர்ணா முதல் வரிசையைப் பார்த்தாள். அடுத்த கணம் மண்டபமே 'ஆ' என்றது. சந்தனச் சிலை மாதிரி ஆகிவிட்டாள். கேமராக்கள் மின்னின. மும்பைக்காரர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா வசந்தகோகிலம், தன் பக்கத்தில் இருந்த உறவுக்காரப் பெண்களை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஒர்க் அவுட் ஆகுது டாக்டரம்மா," ஐஸ்க்ரீம் கவுன்டர் ஓரத்தில் நின்ற ஆசீர் முணுமுணுத்தான். "ஆனா பாவமா இருக்கு."

பரணி குனிந்து ஸ்வர்ணாவின் காதில் ஏதோ சொன்னான். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். முழங்கை கறுத்தது. மிஸ்ஸைப் பார்த்தாள், வெளுத்தது. பரணி இன்னொன்று சொன்னான். மறுபடி கறுத்தது. போட்டோகிராபர் கேமராவை இறக்கி லென்ஸைத் துடைத்தார். லைட் ஆளைத் திட்டினார்.

குபேந்திரன் ஓடிப் போய் மெல்லிசைக் குழுவிடம் மைக்கைப் பிடுங்கினார். "அடுத்ததா, நம்ம மணமகள் ஸ்வர்ணா நமக்காக ஒரு பாட்டுப் பாடுவாங்க!"

ஸ்வர்ணாவுக்குப் பாட்டு வராது. பாட்டு வராது என்பது மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அவள் சுண்ணாம்பாக நின்றாள். குபேந்திரன் பெருமூச்சு விட்டார்.

பரணி மைக்கை வாங்கினான். "அவங்களுக்குத் தொண்டை சரியில்ல. நான் பாடறேன்." பாடினான். கன்று போட முடியாமல் தவிக்கும் மாட்டைத் தினமும் கேட்டுக் கேட்டு அவன் சுருதி அந்தப் பக்கமாகவே சாய்ந்திருந்தது. குழந்தைகள் உருண்டு சிரித்தன. கீபோர்டுக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். ஸ்வர்ணா அடக்க முடியாமல் சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள், தலை முதல் கால் வரை கறுத்தாள்.

கடைசி நம்பிக்கையாகக் குபேந்திரன் பிலோமினா மிஸ்ஸை மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். மணமக்கள் காலில் விழுந்தார்கள். மிஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஏம்மா, எவ்வளவு நேரமா நிக்குற? கழுத்துல இத்தன நகையோட? உக்காரு முதல்ல." பிறகு பரணியிடம், "தம்பி, எம்புள்ளைய நல்லா வெச்சுக்கிடணும், கேட்டியா."

எம்புள்ள. அந்த ஒரு சொல்லோடு அந்தப் பயமும் போய்விட்டது.

வசந்தகோகிலம் மேடைப்படி ஏறினார். மெல்லிசை நின்றது.

"ஏனுங்க சம்பந்தி, நாங்க பாத்துட்டுப் போன பொண்ணு எங்க?"

"அது... லைட்டு... கடல் காத்து..." குபேந்திரன் திணறினார்.

அதற்கு மேல் மேகலாவால் ஐஸ்க்ரீம் பக்கத்தில் நிற்க முடியவில்லை. மேடைக்கு வந்தாள். "அம்மா, இதே பொண்ணுதான். நான் இவங்க கம்பெனி டாக்டர். இவளுக்கு ஒரு ஊசி போட்டிருக்காங்க, போட்டப்ப என்ன ஊசின்னு இவளுக்கே தெரியாது. அதைப் போட்டா, பயந்தா சிவப்பாயிடுவாங்க. நிம்மதியா இருந்தா கறுப்பாயிடுவாங்க. அன்னிக்கு உங்களைப் பாத்துப் பயந்தா. இப்ப உங்க பையன் பாட்டைக் கேட்டுச் சிரிக்கறா. அவ்வளவுதான்."

மைக் கீபோர்டுக்காரர் கையில் இருந்தது. அது திறந்தும் இருந்தது. எல்லாம் மண்டபத்துக்கும் டி.வி.க்கும் போய்ச் சேர்ந்தது.

"பொய்! இந்தம்மாவை வேலையை விட்டு நீக்கியாச்சு, அந்தக் கோபத்துல..." என்று குபேந்திரன் தொடங்கினார். முடிக்கவில்லை. மண்டபம் அவரையே பார்த்தது. வாழ்நாளெல்லாம் தார் ரோடு நிறத்தில் இருந்த மனிதர், நெற்றியிலிருந்து கழுத்துவரை முருங்கைப்பூ மாதிரி வெளுத்துக்கொண்டிருந்தார்.

"சாரும் போட்டிருக்காவ!" ஆசீரின் குரல் பின்னாலிருந்து கேட்டது.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கடைசியில் சிரிக்காமல் இருந்தது மும்பைக்காரர்களும் வசந்தகோகிலமும் மட்டும்தான்.

வசந்தகோகிலம் ஸ்வர்ணாவை நெருங்கினார். ஸ்வர்ணா வெளுத்தாள். ஓர் அடி பின்னால் போனார். அவள் கறுத்தாள். மறுபடி முன்னால் வந்தார். வெளுத்தாள்.

"பாத்தியாடி, மாமியாக்காரி கிட்ட வந்தா எப்படிச் சாயம் போவுது!" கரூர் வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா நன்றாகக் கேட்கும்படியே சொன்னாள். போன்கள் உயர்ந்தன.

வசந்தகோகிலத்தின் முகம் சிறுத்துவிட்டது. ரோஜாப்பூ மருமகள் வேண்டும் என்று கேட்டவர்தான். ஆனால் இந்த மேடையில், இத்தனை பேர் முன்னால், மருமகள் எவ்வளவு சிவக்கிறாளோ அவ்வளவு தன் பெயர் கெடுகிறது.

"நான் என்ன பேயா பிசாசா?" என்றார். பிறகு வேறு குரலில், "சாப்பிட்டியா கண்ணு?"

"இல்ல அத்தை. காலையில ரெண்டு இட்லி."

"என்னது?" வசந்தகோகிலம் குபேந்திரன் பக்கம் திரும்பினார். "பெத்தவங்களாய்யா நீங்க? பச்சப் புள்ளையப் பட்டினி போட்டுப் பொம்மையாட்டம் நிறுத்தி வெச்சிருக்கீங்க! யாராச்சும் ஒரு தட்டுக் கொண்டாங்க!"

இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் மேடைக்கு வந்தன. மாமியார் தன் கையாலேயே ஊட்டினார். முதல் வாய்க்கு ஸ்வர்ணா வெள்ளையாகத்தான் இருந்தாள். பசி பயத்தை ஜெயித்தது. மூன்றாவது வாய்க்கு மணிக்கட்டில் தொடங்கியது கறுப்பு.

"எடுப்பா போட்டோ!" வசந்தகோகிலம் வெற்றிக் களிப்பில் கத்தினார். "இப்ப எடு! கறுப்பா இருக்கறப்பவே எடு!"

---

சிவப்பழகு ஊசியாகப் பளிச் அன்றோடு செத்தது. அது வேறொன்றாகப் பிழைத்துக்கொள்ளும் என்று மேகலாகூட நினைக்கவில்லை.

பெண்ணைப் பெற்றவர்கள் வாங்கினார்கள். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புவதற்கு முன்னால், தெரிந்தே, சொல்லியே போட்டு அனுப்பினார்கள். மகள்களும் கையை நீட்டினார்கள். தெருக்களில் பேச்சு மாறிப்போனது. 'என்ன, உங்க மருமக கொஞ்சம் வெளுத்தாப்ல தெரியறா?' என்று எதிர்வீட்டுக்காரி கேட்டால் மாமியார்களுக்குக் கை கால் ஓடவில்லை. குபேந்திரன் ஊரெங்கும் விளம்பரப் பலகை வைத்தார்: 'உங்கள் மகள் எப்படி இருக்கிறாள்? பார்த்தாலே தெரியும்!'

குபேந்திரன் மேகலாவைக் கூப்பிட்டனுப்பினார். அன்று மேடையிலேயே வேலையை விட்டு நீக்கியதை அவர் மறந்துவிட்டதாகத் தெரிந்தது.

"புதுசா ஒண்ணு மேகலா. கிரீம். தேச்சா, பஸ் டெப்போவுக்குத் திரும்பவே கூடாது. எவ்வளவு விசில் ஊதினாலும் சரி. உள்ள வர்ற வண்டியோட எஞ்சினை மட்டும் நிறுத்திடணும்."

"யாருக்கு சார்?"

"மாமியார்ங்களுக்கு. எத்தனை பேர் கேக்கறாங்க தெரியுமா! மருமக முகத்துல தேச்சு விட்டுட்டா, என்ன ஆனாலும் கறுகறுன்னு இருப்பா. எதிர்வீட்டுக்காரி வாயைத் திறக்க மாட்டா. பேர்கூட வெச்சுட்டேன். 'நிம்மதி'."

மேகலா எழுந்து நின்றாள். "பயத்தை நிறுத்தாம, பயம் தெரியறதை மட்டும் நிறுத்தணும்ங்கறீங்க. நான் செய்ய மாட்டேன்."

"நீ செய்ய வேணாம். வேற ஆள் செஞ்சு முடிச்சாச்சு." அவர் ஒரு வெள்ளை டப்பாவை உருட்டிவிட்டார். "முதல் டப்பா எங்க போச்சு தெரியுமா? கரூருக்கு. என் சம்பந்தியம்மாவே போன் பண்ணிக் கேட்டு வாங்கினாங்க."

அறைக்கு வெளியே வந்ததும் மேகலா ஸ்வர்ணாவுக்குப் போன் செய்தாள். மணி அடித்து நின்றது. மறுபடி அடித்தாள். நின்றது. இடியாப்பம் ஊட்டிய அந்தக் கையை நினைத்துக்கொண்டாள். கேமரா இருந்தது அன்றைக்கு. இப்போது யார் இருக்கிறார்கள்? ஸ்வர்ணாவின் உடம்பில் இருந்த ஒரே சாட்சியின் வாயையும் அடைத்தாகிவிட்டது.

கரூருக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

---

கதவைத் திறந்தது வசந்தகோகிலம்தான். வழக்கத்தைவிட நல்ல கறுப்பு. "அடடே, டாக்டருங்களா! வாங்க வாங்க. ஸ்வர்ணா பரணிக்குச் சாப்பாடு கொண்டுட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருக்கா. போனை இங்கயே விட்டுட்டுப் போயிட்டா பாருங்க, மறதிக்காரி. இப்ப வந்துருவா."

மேகலா உட்காரவில்லை. "அம்மா, அந்தக் கிரீம் வந்துச்சா?"

"வந்துச்சுங்க. தீந்தும் போச்சு. இன்னொண்ணு கொண்டாந்தீங்களா?"

"ஸ்வர்ணாவுக்குத் தினமும் போட்டுவிடறீங்களா?"

"அவளுக்கு எதுக்குங்க?" வசந்தகோகிலம் உண்மையாகவே விழித்தார்.

"கோகிலா." உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல். பரணியின் அப்பா சதாசிவம். கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அதட்டல் இல்லை, அவசரம் இல்லை. வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி நிதானமான, மரியாதையான குரல். "தண்ணி."

வசந்தகோகிலத்தின் கையில் பாத்திரம் கழுவிய ஈரம் இன்னும் இருந்தது. கழுவியதில் கிரீம் போயிருக்க வேண்டும். மேகலா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மணிக்கட்டுக்குக் கீழே அந்தக் கை வெளுத்தது. அரிசி மாவில் தோய்த்து எடுத்த மாதிரி. மணிக்கட்டுக்கு மேலே கறுப்பு அசையாமல் இருந்தது. வெள்ளைக் கையுறை மாட்டியது போல ஒரு கை.

அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பினார். மேகலாவின் கண்ணைப் பார்க்கவில்லை.

"சீர் தட்டுல வெச்சு அனுப்பிச்சிருந்தார் உங்க முதலாளி. வெத்தலை பாக்கு, பழம், கூடவே ரெண்டு ஊசி. கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்து வெக்கறப்பதான் பாத்தேன். வயசான காலத்துல ஒரு ஆசைங்க. எப்பவாச்சும் பதறினாலாவது சிவப்பாவோமே, அப்ப நாம எப்படி இருப்போம்னு." சிரிக்க முயன்றார். "போட்டுக்கிட்டப்புறம்தான் தெரிஞ்சுது, நான் வீட்டுல எந்நேரமும் சிவப்புத்தான்னு."

"அடிப்பாரா?"

"சேச்சே! சத்தம் போட்டுக்கூடப் பேச மாட்டார். ஊர்ல கேட்டுப் பாருங்க, தங்கமான மனுஷன்பாங்க. எனக்கே தெரியலீங்க. கூப்பிட்டார்னா உள்ள என்னமோ ஓடி ஒளிஞ்சுக்குது. இத்தனை வருஷமா ஒளிஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கும் போல. மருமக பாத்தா என்ன நெனப்பா? அதான் தேச்சுக்கறேன்."

வாசலில் காலிச் சாப்பாட்டுக் கேரியர் வைக்கும் சத்தம். ஸ்வர்ணா எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள் என்று தெரியவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய், ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அந்த நாற்காலியைக் கூடத்து நடுவுல போடுங்க. வெளிச்சம் நல்லா விழட்டும். உக்காருங்கத்தை."

"வேண்டாம் கண்ணு. மாமா பாத்துருவார்."

"பாக்கட்டும். நான் வெளுத்தா எதிர்வீட்டுக்காரி வரைக்கும் கேக்கறா. நீங்க வெளுத்தா யார் கேக்கறது?"

துடைக்கத் தொடங்கினாள். முதலில் நெற்றி, பிறகு ஒரு கன்னம். துண்டு போன வழியெல்லாம் கறுப்புக்கு அடியிலிருந்து வெள்ளை வந்தது. வசந்தகோகிலம் கண்ணை மூடிக்கொண்டார்.

"கோகிலா," அதே நிதானமான குரல், இப்போது பக்கத்தில் கேட்டது. காலடிச் சத்தம் கூடத்தை நோக்கி வந்தது. "யாரு வந்திருக்கா?"

மேகலா ஸ்வர்ணாவின் கையைப் பார்த்தாள். தோளிலிருந்து விரல் நுனிவரை சுத்தமாக வெளுத்திருந்தது.

அந்தக் கை துடைப்பதை நிறுத்தவில்லை.